குறிலா, நெடிலா

என் வீட்டுக்காரர் நருமி தொகுஜி மீன் ஏலக்காரர். டோக்கியோவுக்கு வெகு வடக்கே, ஒகுமினாதோ துறைமுகத்துக் கொட்டகையில் வாலிபத்தில் கூவத் தொடங்கியவர், தலை நரைத்துப் பல் ஆடும்வரை கூவினார். அந்தத் தொண்டைக்கு ஒலிபெருக்கி தேவையில்லை. வீட்டில் உப்பு கேட்டால் மூன்றாம் வீட்டுக்காரி உப்போடு வந்து வாசலில் நிற்பாள். ஏலக்காரர்கள் எல்லாரையும் போலக் கொட்டகையில் நிற்கும்போது சொல்லை இழுப்பார். வீட்டுக்கு வந்தால் வெட்டிவெட்டித்தான் பேசுவார். நாற்பது வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் இருக்குமா?

கெட்ட மனுஷர் இல்லை. மீன் பதனிடும் கொட்டகைக்கு வேலைக்கு வந்த வியட்நாம் பெண்பிள்ளைகள் பனியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனால், கூடையில் இரண்டு மீனைப் போட்டு, "கொதிக்க வச்சுக் குடிங்க, ஒடம்பு சூடாவும்" என்பார். அவர்கள் பாதிப் பேச்சுப் புரியாமல் சிரிப்பார்கள். இவரும் சிரிப்பார்.

ஆனால் சூமோ மல்யுத்தம் என்று வந்துவிட்டால் அவருக்குள் வேறொரு ஆள் ஏறி உட்கார்ந்துகொள்வான். "பாருட்டி, இது சாமி முன்னால ஆடுத ஆட்டம். உப்பு வீசி, வாய் கொப்பளிச்சு, மண்ண மிதிச்சு ஆடுதது. இத ஆட நம்ம ரத்தம் வேணும்லா?" என்பார்.

"நம்ம ரத்தம் எங்க போச்சு? மூணு நேரமும் தின்னுட்டு டிவி முன்னால கெடக்கு" என்பேன்.

அது அவர் காதில் விழாது. வருஷக்கணக்கில் கோப்பை மங்கோலியாக்காரர்கள் கைக்கே போய்க்கொண்டிருந்தது. களத்துக்கென்று வைத்த பேர் மட்டும் நம் நாட்டுப் பேராக இருக்கும். முகத்தைப் பார்த்து இவர் பெருமூச்சு விடுவார். பிறகு எழுந்து போய் டிவியை அணைப்பார், என்னவோ அந்தப் பெட்டிதான் தோற்றுவிட்டது போல. நம் பாட்டன் சொத்தை நம் கண் முன்னாலேயே அள்ளிக்கொண்டு போகிறார்கள் என்பது அவர் கட்சி. ஊரில் முக்கால்வாசிப் பேர் அதே கட்சிதான்.

எங்கள் வட்டாரப் பேச்சைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் கதை புரியாது. வாயைத் திறந்தால் பனி உள்ளே போய்விடும் என்று பயந்து எல்லாச் சொல்லையும் நறுக்கி வைத்திருக்கிறோம். எங்கள் ஆட்கள் டிவியில் பேசினால் அடியில் எழுத்து ஓடும், ஏதோ அயல்நாட்டான் பேசுகிற மாதிரி. எங்கள் பேச்சில் "கெரே" என்றால் கொடு. எடுத்துக் கொடு, செய்து கொடு, ஜெயித்துக் கொடு, எல்லாவற்றுக்கும் அதே கெரேதான். முதலெழுத்தை இழுத்துக் "கேரே" என்றால், திரும்பிப் போ. வந்த வழியே நடையைக் கட்டு. டோக்கியோச் சொல்லுக்கு இது கொஞ்சம் கிட்டத்தில் இருப்பதால் அவர்களுக்கும் புரிந்துவிடும். ஒன்று குறில், ஒன்று நெடில். அந்தச் சின்ன இடைவெளிக்குள் ஒரு மனுஷன் விழுந்து எழுந்திருக்க முடியாமல் போன கதைதான் இது.

எங்கள் துறைமுகத்துக் கணவாய் மீன் பிடிக்கிற குடும்பத்துப் பையன் ஒருவன் சூமோவில் சேர்ந்து, ஹமாநோசாதோ என்று களப்பேர் வாங்கி, படிப்படியாக மேலே ஏறினான். சின்ன வயதில் அவன் தின்ற மீனில் பாதி இவர் கொடுத்ததுதான். அந்த வருஷம் ஜனவரிப் போட்டியில் பயல் ஜெயித்துக்கொண்டே வந்தான். கடைசி நாளன்று ரசிகர் சங்கத்தார் பஸ் பிடித்துப் பனிக்குள் டோக்கியோ கிளம்பினோம். சங்கத் தலைவர் மிகாமி. மதுக்கடை வைத்திருப்பவர். வாயாடி. கடைச் சரக்கில் ஒரு பெட்டியை பஸ்ஸில் ஏற்றிவிட்டு, "இன்னைக்குக் கோப்ப வடக்க வருது" என்று வழியெல்லாம் பாடிக்கொண்டே வந்தார்.

கடைசி ஆட்டத்தில் ஹமாநோசாதோவுக்கு எதிரே நின்றவர் கஸேநோஹரா. மங்கோலியாவிலிருந்து வந்தவர், நெடிய ஆள், அதிகம் பேசாதவர். பயல் ஒரு ஆட்டம் முன்னால் இருந்தான். இதில் ஜெயித்தால் கோப்பை. எழுந்து பாய்ந்தான். கஸேநோஹரா பக்கவாட்டில் விலகிக்கொண்டார். பயல் காற்றை முட்டிக்கொண்டு முகம் மண்ணில் பதிய விழுந்தான். சூமோவில் விலகுவது குற்றமில்லை, ஆனால் விலகி ஜெயித்தவனை யாரும் மதிக்கமாட்டார்கள். மண்டபம் முழுக்க முனகியது. இவர் முஷ்டியால் தன் தொடையையே குத்திக்கொண்டார். இப்போது இருவருக்கும் வெற்றிக் கணக்கு சமம். கோப்பை யாருக்கு என்று முடிவு செய்ய இன்னொரு முறை மோத வேண்டும்.

மறுபடி ஏறினார்கள். உப்பு வீசினார்கள். குந்தினார்கள். முஷ்டி மண்ணைத் தொடப் போகிற நேரத்தில் மண்டபமே மூச்சை அடக்கிக்கொள்ளும், அதுதான் வழக்கம். அந்த அமைதிக்குள் என் பக்கத்திலிருந்து ஏலக்குரல் எழுந்தது.

"கேரே!"

கஸேநோஹராவின் தோள் லேசாக இறங்கியதை நான் பார்த்தேன். பின்னாலிருந்து யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பப் போகிறவர் போல இருந்தது. எழும்பக் கொஞ்சம் தாமதித்தார். அதற்குள் ஹமாநோசாதோ நெஞ்சோடு நெஞ்சு முட்டி அவரைக் களத்துக்கு வெளியே தள்ளிவிட்டான். வடக்கத்தியான் ஜெயித்தான். மிகாமி அழுதார், நாங்கள் எல்லாரும் அழுதோம். தோற்றவர் மேலேறி வந்து தலை வணங்கினார். வழக்கத்தை விட ஆழமாக வணங்கினார் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. பிறகு எல்லாரும் எழுந்து நின்று தேசிய கீதம் பாடினோம். என் வீட்டுக்காரர் கண்ணில் நீர் வழிய, ஆறேழு வரிசைக்குக் கேட்கும்படி பாடினார். அப்போது அவருக்குத் துளிக்கூட வெட்கம் வரவில்லை. அவருக்காகப் பரிந்து பேச உட்கார்ந்தாலும் அதை நான் மறைக்க முடியாது.

வெட்கம் மறுநாள் காலையில்தான் வந்தது. ஊர் திரும்பும் வழியில், நெடுஞ்சாலை ஓரத்து உணவகத்தில் நூடுல்ஸ் தின்றுகொண்டிருந்தோம். சுவரில் இருந்த டிவியில் அந்த ஆட்டத்தை மறுபடி காட்டினார்கள். அமைதி. அதற்குள் அந்தக் குரல். அறிவிப்பாளர், கூட்டத்திலிருந்து "திரும்பிப் போ" என்று ஒரு கூச்சல் கேட்டதாகவும், நாடே வருந்துவதாகவும் சொன்னார். கரண்டியால் எங்களுக்கு ஊற்றிக்கொண்டிருந்த பெண்மணி உச்சுக்கொட்டினாள். "நம்ம நாட்டு மானத்தையே வாங்கிட்டானே. எந்த ஊரு மிருகமோ!"

எங்கள் சங்கத்தார் அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டு கிண்ணத்துக்குள் எதையோ தேடினார்கள். என் வீட்டுக்காரர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். நாட்டுக்காகத்தான் கத்தினோம் என்று நினைத்திருந்த மனுஷன். காது நுனிவரை சிவந்துபோனார்.

அன்று மாலை செண்டாயிலிருந்து மகள் மிஹோ போன் பண்ணினாள். "யம்மா, அது அப்பா சத்தம் மாதிரி இருந்துச்சே?"

"இருக்காது" என்றேன்.

"குறிலா, நெடிலா?" என்று கேட்டாள். எங்கள் ஊரில் பிறந்தவள் அல்லவா.

நான் பதில் சொல்லுமுன் மிகாமி வந்துவிட்டார். அடியில் கணப்பு வைத்துப் போர்வை மூடிய மேசைக்குள் காலை விட்டுக்கொண்டு, கொண்டுவந்த புட்டியைத் தானே திறந்தார்.

"அண்ணாச்சி, நல்லாக் கேட்டுக்கிடுங்க. நீங்க கூவினது கெரே. குறிலு. நம்ம பயகிட்ட, எங்களுக்கு ஜெயிச்சுக் குடுய்யான்னு கேட்டிய. அவ்வளவுதான் நடந்துச்சு."

"மிகாமி, நான் நெடில்லதான்..."

"நீங்க ஏலக்காரரு. உங்க வாயில எந்தக் குறிலு குறிலா வந்திருக்கு? எல்லாத்தையும் இழுக்குத மனுஷன் இதயும் இழுத்துட்டிய. டோக்கியோக்காரனுக்கு நம்ம குறிலு என்ன தெரியும்? நாம பேசுததும் காக்கா கத்துததும் அவனுக்கு ஒண்ணுதான்."

"அந்த மங்கோலியா புள்ளைக்கு?" என்று நான் கேட்டேன்.

மிகாமி சிரித்துவிட்டார். "அக்கா, டோக்கியோக்காரனுக்கே வெளங்காதது அவனுக்கா வெளங்கப் போவுது?"

"நேராப் போய் மன்னிப்புக் கேட்டுட்டா என்ன?" என்றார் இவர். குரல் எழும்பவே இல்லை.

"கேட்டா நீங்க மட்டுமா தலை குனிவிய? ஊரே குனியணும். நம்ம பய வாங்கின கோப்பைக்கு என்ன மரியாத? சத்தம் போட்டு வாங்கின கோப்பன்னு பேராயிரும். உங்க ஒரு வாயால அந்தப் பய பொழப்பையும் கெடுக்கணுமா?"

இவர் தலையாட்டினார். இவர் சொன்ன பொய் அந்தத் தலையாட்டல் ஒன்றுதான். மற்ற பொய்யையெல்லாம் ஊர் சொன்னது. சங்கத்தின் பேரில் மிகாமியே பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு, எங்கள் பேச்சில் கெரே என்றால் என்ன என்று வகுப்பெடுத்தார்.

அந்த வாரமே கஸேநோஹராவை டிவியில் உட்கார வைத்துக் கேட்டார்கள். அவர் தெளிவான டோக்கியோப் பேச்சில் சொன்னார்: "ஆமாங்க, எனக்கும் அப்படித்தான் கேட்டுச்சு. அந்த ஊர்ப் பெரியவர் தன் பிள்ளைகிட்ட, ஜெயிச்சுக் கொடுன்னு கேட்டார். நல்ல வார்த்தைங்க அது."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நாடே நிம்மதியாக மூச்சு விட்டது. முந்தின நாள் எங்களை மிருகம் என்றவர்கள் மறுநாள் வடக்கத்திப் பேச்சின் அழகே அழகு என்று உருகினார்கள். மிகாமி விடுவாரா? "கெரே" என்று பெரிதாக அச்சடித்த துண்டு வந்தது. அரிசி அப்பளம் வந்தது. வெளியூர்க்காரர்கள் பஸ்ஸில் வந்து இறங்கி, அந்தக் குரல்காரர் வீடு எது என்று கேட்டார்கள். என் வீட்டுக்காரரை வாசலில் நிறுத்தி ஒரு தடவை கூவச் சொல்லிப் படம் பிடித்தார்கள்.

அவர் கூவவில்லை. தொண்டை கட்டிவிட்டது என்பார். பிறகு வாசலுக்கு வருவதையே விட்டார். பொதுக் குளியலறைக்குப் போவதையும் நிறுத்தினார், அங்கே தொட்டிக்குள் கிடக்கிற கிழவர்கள் இவரைக் கண்டதும் "கெரே!" என்று கூவிச் சிரிப்பார்களாம். கேலிகூட இல்லை அது, பாசம். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. திட்டினால் வாங்கிக்கொள்ளலாம், கொஞ்சினால் என்ன செய்வது?

ஒரு நாள் நான் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நான் வாலிபத்துல பனிக்காலம் டோக்கியோவுக்குச் சுரங்கப்பாத தோண்டப் போனேன்லா?"

"தெரியும். பணம் அனுப்பினிய, காயிதம் அனுப்பல."

"என்னத்த எழுத? அங்க நான் வாயத் தொறந்தா கட முழுக்கச் சிரிக்கும். அந்தப் பனிக்காலம் முழுசும் வெரலக் காட்டித்தான் சோறு வாங்கித் தின்னேன், ஊமையாட்டம். ஊருக்குக் கெளம்புத அன்னைக்கு மேஸ்திரி சொன்னான், 'போடா, போய் உன் பனிக்குள்ளயே கெட'ன்னு. நம்ம நாட்டுக்காரன்தான், நம்ம ரத்தந்தான். ரயில்ல வார வழியெல்லாம் அந்த வார்த்த வயித்துக்குள்ள கெடந்து சுட்டுச்சு." நறுக்கிய முள்ளங்கியைத் தட்டில் ஒதுக்கி வைத்தார். "அது எப்படிச் சுடும்னு எனக்குத் தெரியும்டி. தெரிஞ்சிருந்தும் சொன்னேன்."

நான் ஆறுதல் சொல்லவில்லை. அவர் சொன்னது சரிதான்.

ஆகஸ்டில் சூமோக்காரர்களின் ஊர்ச் சுற்று எங்கள் ஊருக்கு வந்தது. போட்டி இல்லை, வெளியூர்களில் ரசிகர்களுக்காக ஆடிக் காட்டுவது. பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபத்தில் மண் கொட்டிக் களம் போட்டார்கள். மிகாமிக்குத் தலைகால் புரியவில்லை. கஸேநோஹரா களமேறும்போது என் வீட்டுக்காரர் முன்வரிசையில் எழுந்து நின்று அந்தச் சத்தத்தைக் கொடுக்க வேண்டும், பின்னாலேயே ஊர் முழுக்கக் கொடுக்கும் என்பது அவர் ஏற்பாடு. "அவருக்கு ஒரு கெரே குடுத்துட்டா கணக்குத் தீந்துச்சு, அண்ணாச்சி. இனி யாரும் ஒரு வார்த்த பேச மாட்டான்."

இவர் சரி என்றார். உடனே சரி என்றதுதான் எனக்குச் சந்தேகம். அன்று காலை தன் நல்ல சட்டையை எடுத்துப் போட்டார். என்னிடம் உலர்ந்த கணவாய்க் கட்டு ஒன்றைக் கட்டச் சொன்னார்.

"இன்னைக்கு எல்லார் முன்னாலயும் உள்ளதச் சொல்லிரப் போறேன், கியொயே. ஆனா மொதல்ல அவர்கிட்டச் சொல்லிட்டுத்தான். நீயும் வா. தனியாப் போனா கால் திரும்பிரும்."

மண்டபத்துக்குப் பின்னால் பந்துகளும் பாய்களும் அடுக்கி வைக்கிற அறையை வீரர்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். கஸேநோஹரா ஓரமாகச் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் ஒரு வயதானவர் எண்ணெய் தடவிச் சீப்பால் வாரி அவருக்குக் குடுமி கட்டிக்கொண்டிருந்தார். சூமோ வீரர்கள் தங்கிப் பழகுகிற கொட்டடியில் குடுமி கட்டுவதே அவர் வேலை. நாங்கள் யார் என்று சொன்னேன். கணவாயை வைத்தேன். என் வீட்டுக்காரர் தரையில் மண்டியிட்டு, நெற்றி தரையில் படக் குனிந்தார்.

"அன்னைக்கு நான் கூவினது... அது குறிலு இல்ல. நெடிலு. நான் உங்களப் போகத்தான் சொன்னேன். ஊரு பொய் சொல்லிச்சு, நான் பேசாம இருந்துட்டேன். இன்னைக்கு எல்லார் முன்னாலயும் சொல்லிருதேன். என்ன தண்டனன்னாலும் சரி."

குடுமிக்காரர் வாருவதை நிறுத்தவில்லை. பிறகு கஸேநோஹரா பேசினார்.

"எந்திரிங்க அண்ணாச்சி. முட்டு வலிக்கும். குடும கட்டுதப்ப நான் தலைய அசைக்கக் கூடாது, இல்லன்னா நானே தூக்கி விட்டிருப்பேன்."

எங்கள் பேச்சு. டிவியில் பேசிய டோக்கியோப் பேச்சு இல்லை. நறுக்கி நறுக்கி, மூக்கில் முடிக்கிற எங்கள் துறைமுகப் பேச்சு. இவர் நெற்றியைத் தரையிலிருந்து எடுத்து, வாயைத் திறந்தபடி அவரைப் பார்த்தார்.

கஸேநோஹரா கட்டைவிரலால் பின்னால் காட்டினார். "இந்தப் பெரியவரு உங்க பக்கத்து ஊரு, ஷிமோசாவா. நான் இங்க வந்தப்ப எனக்கு மீச மொளைக்கல, ஒரு வார்த்த தெரியாது. பேசச் சொல்லித் தந்தது இவருதான். இதுதான் இந்த நாட்டுப் பேச்சுன்னு நெனச்சுப் படிச்சேன். டோக்கியோப் பேச்செல்லாம் அதுக்குப் பொறவு."

"மண்டயில ஏறவே ஏறாது" என்றார் குடுமிக்காரர், வாரிக்கொண்டே. "'தின்னு'ன்னா மட்டும் வெளங்கிரும்."

"அன்னைக்கு விலகி ஜெயிச்சேன்லா? அதுக்கு எல்லாவனும் வைவான்னு தெரியும். டோக்கியோப் பேச்சுல எத்தன பேரு என்னய வஞ்சிருக்காவ, அது காதோட போயிரும். ஆனா இந்தப் பேச்சுல... இந்தப் பேச்சுல என்னய யாரும் அப்படிச் சொன்னதில்ல, அண்ணாச்சி. தின்னு, தூங்கு, காலுக்கு மருந்து போடு, அழாத. இதான் இதுல நான் கேட்டது. அன்னைக்கு அந்தச் சத்தம் வந்ததும், வீட்டுல உள்ளவங்க யாரோ சொல்லுத மாதிரி இருந்துச்சு."

என் வீட்டுக்காரர் மறுபடி நெற்றி தரையில் படக் குனிந்தார்.

"ஆனா வெளிய போய்ச் சொல்லாதிய" என்றார் கஸேநோஹரா. "சொன்னா உங்க மனசு எளகும். எனக்கு? சத்தத்துக்குப் பயந்து தோத்தவன்னு எழுதுவான். பாவம்பான். பாவம்னு சொல்லுததவிட வையுதது தேவல. அன்னைக்குத் தோத்தது என் காலு. அத என்கிட்டயே விட்டுருங்க."

"அப்ப நான் என்ன செய்ய?" என்று குழந்தை மாதிரி கேட்டார் இவர்.

"போய்க் கெரேன்னு கூவுங்க. சனம் காத்திருக்கு."

குடுமி முடிந்தது. கஸேநோஹரா மெல்ல எழுந்து நின்றார். நாங்கள் இருவரும் அவர் நெஞ்சுக்குக் கீழே இருந்தோம். கணவாய்க் கட்டை எடுத்து முகர்ந்து பார்த்தார். போகிறபோக்கில் சொல்வது போலத்தான் அடுத்ததைச் சொன்னார்.

"போன மாசம் இந்த நாட்டுக்காரனா ஆயிட்டேன். ஆட்டத்த விட்ட பொறவு இங்க ஆசானா இருக்கணும்னா ஆகணும். எங்க நாட்டுக் காயிதத்தத் திருப்பிக் குடுத்தாச்சு. இனி எங்க அம்மாவப் பாக்கப் போனாலும் விருந்தாளியாத்தான் போகணும்." இவரைக் குனிந்து பார்த்தார். கோபம் இல்லை. நிஜமாகவே கேட்டார். "போன்னு சொன்னிய. சரி. எங்கன்னு சொல்லலியே, அண்ணாச்சி?"

அவர் கேட்டுக்கொண்டபடி என் வீட்டுக்காரர் சாகும்வரை ஒருவரிடமும் சொல்லவில்லை. போன பனிக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். கஸேநோஹராவும் ஆட்டத்தை விட்டாயிற்று. நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. அதனால் சொல்கிறேன்.

அன்றைக்கு அந்த அறையிலிருந்து மண்டபத்துக்குள் போய் முன்வரிசையில் உட்கார்ந்தோம். வெக்கையில் ஊர் முழுக்க விசிறிக்கொண்டிருந்தது. எல்லார் கழுத்திலும் அந்தத் துண்டு. கஸேநோஹரா களமேறினார், உப்பு வீசினார், குந்தினார். மிகாமி இரண்டு கையையும் உயர்த்தி எல்லாரையும் அடக்கிவிட்டு, இவரைப் பார்த்துத் தலையாட்டினார். இவர் எழுந்து நின்றார். சத்தம் வரவில்லை. பின்னால் யாரோ செல்லமாக, "என்ன அண்ணாச்சி, சாவி கொடுக்கணுமா?" என்றார்கள். சிரிப்பு எழுந்து அடங்கியது. குந்தியிருந்த கஸேநோஹரா நிமிர்ந்து இவரைப் பார்த்தார். காத்திருந்தார்.

"கெரே" என்றார் என் வீட்டுக்காரர்.

குறில். சுத்தமான குறில். பக்கத்தில் நின்ற எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது. ஆனால் ஊருக்கு அது போதும். அத்தனை பேரும் எழுந்து துண்டைத் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு கூவத் தொடங்கினார்கள். முதல் இரண்டு தடவை சரியாகத்தான் கூவினார்கள். ஆனால் கூட்டமாகக் கூவும்போது குறில் எங்கே நிற்கும்? கையைத் தட்டித் தாளம் போட்டுக் கூவக் கூவ, சொல் நீண்டது. கிழவர்கள், பெண்டுகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், எல்லாரும் வாய் நிறையச் சிரித்துக்கொண்டு, அன்பு பொங்க, அந்த மனுஷரைப் பார்த்து ஒரே குரலில், கேரே, கேரே, கேரே என்று கத்தினார்கள். ஒருவருக்கும் தான் என்ன சொல்கிறோம் என்று உறைக்கவில்லை. எங்கள் பேச்சு எங்களுக்கே கேட்கவில்லை.

கஸேநோஹராவுக்குக் கேட்டது. எழுந்து நின்றார். களத்தின் நான்கு பக்கமும் திரும்பி, ஒவ்வொரு பக்கத்துக்கும் தலை வணங்கினார். சத்தம் இன்னும் கூடியது.

இவர் என் கையைப் பிடித்தார். "வீட்டுக்குப் போவோம்டி" என்றார்.

ஆட்டம் அப்போதுதான் தொடங்குகிறது. முன்வரிசையிலிருந்து எழுந்து போவது மரியாதை இல்லை. ஆனாலும் எழுந்தோம். வழியில் தோளைத் தட்டினார்கள், கையைக் குலுக்கினார்கள். வெளியே வந்து துறைமுகச் சாலையில் நடந்தோம். மீன் கொட்டகை தாண்டும்வரை அந்தச் சத்தம் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. தெருமுனை திரும்பியதும் வாசல் தெரிந்தது. எங்களுக்குப் போக ஒரு வீடு இருந்தது.